சந்தை முழுக்கக் கேட்ட ரகசிய நம்பர்! காய்ப்பு ஏறிய கைகளுக்கு ஓர் எழுத்தாணி

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம். காலை ஆறரை மணி. ஏலம் முடிந்து கூடைகள் நகர்ந்துகொண்டிருந்தன. அறுபது வயதைத் தாண்டிய ஆயா ஒருவர் ஐஸ்காரருக்குப் பணம் அனுப்ப வேண்டும். இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தார். விரலை முந்தானையில் துடைத்துவிட்டுக் கண்ணாடியைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். அழுத்திக் குத்தினார். செல்போன் அசையவே இல்லை.

"இந்தச் சனியன் என் கைக்கு மட்டும் மசியாது" என்று அலுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பையனிடம் நீட்டினார். "டேய், நீயே போட்டு வுடுறா."

"நம்பர் என்னா ஆயா?"

ஆயா சொன்னார். ரகசிய நம்பர் நாலையும் சத்தமாகச் சொன்னார். ஐஸ்காரர் கேட்டார். கூடை தூக்குகிறவர் கேட்டார். டீ கிளாஸ் பொறுக்க வந்தவர் கேட்டார். நோட்டும் பேனாவுமாக நின்ற நானும் கேட்டேன்.

அந்தப் பையன் நல்ல பையன். சரியான தொகையை அனுப்பிவிட்டு செல்போனைத் திருப்பிக் கொடுத்தான். ஆனால் எல்லாருமே நல்ல பையன்களாக இருந்துவிட்டால் கிரைம் நிருபருக்கு ஊரில் என்ன வேலை?

ஏ.டி.எம். வாசலில் உதவி செய்வதுபோல் வந்து, நம்பரைத் தெரிந்துகொண்டு, கார்டை மாற்றிக் கொடுத்துவிட்டு நழுவுகிறவர்களின் கதையை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! ஏ.டி.எம். இப்போது இடுப்புக்கே வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அழுத்தினால் மசியாது

"ஆயா, கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். காட்டினார். வருஷக்கணக்காய் மீன் அரிந்த கை. விரல் நுனியெல்லாம் அரிவாள்மனைத் தழும்பு. ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, தோல் தடித்துக் காய்ப்பு ஏறிக் கிடந்தது.

அதே செல்போனை நான் தொட்டேன். உடனே திறந்தது.

"பாத்தியா தம்பி, எளசுன்னா அதுக்கும் புடிக்குது" என்று ஆயா சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் அதில் பாதிக்குப் பாதி உண்மை இருக்கிறது!

பழைய டச் போன்களில் அழுத்தம்தான் கணக்கு. மேலே வளைகிற பிளாஸ்டிக் தாள், கீழே இன்னொரு தகடு. அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடத்தைப் போன் கண்டுபிடிக்கும். நகம், பேனா மூடி, தீக்குச்சி, எது பட்டாலும் வேலை நடக்கும்.

இப்போது நம் கையில் இருப்பது வேறு ஜாதி. இதற்கு அழுத்தம் தெரியாது. கண்ணாடிக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மின்வலை ஒன்று விரித்திருக்கிறார்கள். மனித உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வந்ததும் அந்த வலையில் மின்னூட்டம் இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தைத்தான் 'இங்கே தொட்டார்' என்று போன் எடுத்துக்கொள்கிறது. நகத்தால் தட்டினால் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். நகத்தில் மின்சாரம் ஓடாது.

தடித்துக் காய்ந்த தோலும் கிட்டத்தட்ட நகம் மாதிரிதான். என்ன குத்து குத்தினாலும் கண்ணாடிக்குச் சேதி போகாது. சரி, ஈரக் கையால் தொட்டால்? அதுவும் வம்பு. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். உப்புத் தண்ணீர் இன்னும் நன்றாகக் கடத்தும். சொட்டு விழுந்த இடத்தையெல்லாம் விரல் என்று நினைத்து, போன் தானாகவே எதையோ திறக்கும், எதையோ மூடும்.

ஆயாவின் கை காய்ந்தாலும் தப்பு, நனைந்தாலும் தப்பு. கண்ணாடிக்குப் பிடித்த கை, ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கிற கை!

மீன்காரர்களுக்கு மட்டும் வந்த தொல்லை அல்ல இது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். முந்திரிக்கொட்டைத் தோட்டில் உள்ள எண்ணெய் விரல் தோலை அரித்து எடுத்துவிடும். கொத்தனாருக்கு சிமெண்ட். பாய்லர் பட்டறைக்காரருக்குச் சூடு. நாற்று நடுகிறவருக்குச் சேறு. இந்த மாவட்டத்தைத் தூக்கி நிறுத்துகிற கைகள் எல்லாமே, செல்போன் கணக்கில் செல்லாத கைகள்.

சிதம்பரத்தில் கிடைத்த குச்சி

மறுநாள் வேறொரு வேலையாகச் சிதம்பரம் போனேன். கீழ வீதிப் பக்கம் செல்போன் கடை ஒன்றில் ஏறி, "ஸ்டைலஸ் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்கு சார். காலேஜ் பசங்க படம் வரையக் கேப்பாங்க. வயசானவங்க யாரும் கேட்டு வந்ததில்ல" என்றபடி தூசி தட்டி ஒரு டப்பாவை எடுத்தார்.

மூன்று தினுசு வைத்திருந்தார். ஒன்று, உலோகத் தண்டும் நுனியில் கறுப்பு ரப்பர்க் குமிழும் உள்ளது. இரண்டாவது, நுனியில் பொட்டு மாதிரி சின்னத் தட்டு உள்ளது. மூன்றாவது, உள்ளே மின்சுற்று வைத்த விலை அதிகமான பேனா. அது அதற்கென்று செய்த போனில் மட்டுமே வேலை செய்யும்.

ஆயாவுக்கு முதல் தினுசே போதும். விலை அறுபது ரூபாய். வாங்கினேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மின்சாரம் குச்சியிலிருந்து வருவதில்லை. பிடித்திருக்கும் கையிலிருந்துதான் தண்டு வழியாக நுனிக்குப் போகிறது. உலோகத் தண்டை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்தால், நுனி விரல் காய்ந்து கிடந்தாலும் மற்ற தோல் கைகொடுக்கும். தண்டு வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் சாதா ரப்பர் குச்சி பிரயோஜனப்படாது.

விரலா, குச்சியா? பழைய சண்டை

இந்தப் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. விரலால் தொடும் திரையை இங்கிலாந்தில் ஜான்சன் என்ற பொறியாளர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக 1965-லேயே எழுதிக் காட்டிவிட்டார். ஆனால் கடைக்கு வந்த டச் கருவிகளில் குச்சிதான் முதலில் ஜெயித்தது. 1994-ல் வந்த ஐ.பி.எம். சைமன் போனிலும், 1996-ல் வந்த பாம் பைலட்டிலும் கூடவே ஒரு குச்சி வந்தது.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் அங்குள்ள கம்பெனி ஒன்றும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' என்ற கைக்கணினியை 2001-ல் காட்டினார்கள். 2004-ல் விற்பனைக்கு வந்தது. படிப்பு அதிகம் இல்லாத கிராமத்து ஜனங்களும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். அதற்கும் குச்சிதான். நல்ல எண்ணம், ஆனால் சந்தையில் நிற்கவில்லை.

2007 ஜனவரியில் அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டினார். பிறக்கும்போதே பத்து விரல் இருக்கிறதே, குச்சி எதற்கு என்கிற பொருளில் கேலி செய்தார். உலகமே கைதட்டியது. குச்சி காணாமல் போனது.

போன வேகத்தில் திரும்பியும் வந்தது! 2011-ல் சாம்சங் தன் நோட் போனில் பேனா வைத்தது. அவர் மறைந்த பிறகு, 2015-ல் ஆப்பிள் கம்பெனியே 'பென்சில்' விற்றது.

நியாயமாகச் சொன்னால் விரலுக்குத்தான் சௌகரியம் அதிகம். தொலையாது. மறந்து வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கலாம். விரல் எடுபடுகிறவர்களுக்குக் குச்சி தேவையில்லை. ஆனால் ஜாப்ஸ் சொன்ன பத்து விரலில், மீன் அரிகிற பத்து விரலுக்குக் கணக்கு வைக்கவில்லை.

எழுதிக் கொடுத்தவர் போட்ட கையெழுத்து

குச்சியோடு கடையை விட்டு இறங்கினால் எதிரே கீழக் கோபுரம். இந்த ஊருக்கு எழுத்தாணி புதிதா என்ன?

ஓலையில் எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். அப்படி எழுதிய தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்ததையும், ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததையும் நம் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள்.

இன்னொரு கதைதான் நம் விஷயத்துக்குப் பொருத்தம். மாணிக்கவாசகர் தில்லையில் இருந்தபோது ஓர் அந்தணர் வந்து, நீர் பாடியதைச் சொல்லும், நான் எழுதிக்கொள்கிறேன் என்றாராம். இவர் சொல்லச் சொல்ல அவர் ஓலையில் எழுதினார். பிறகு ஆள் மறைந்துவிட்டார். அந்த ஏடு சந்நிதிப் படியில் கிடந்தது. முடிவில், மாணிக்கவாசகர் சொல்ல எழுதியது என்று திருச்சிற்றம்பலமுடையான் கையெழுத்து. வந்தவர் நடராஜரே என்பது நம்பிக்கை.

சொன்னது ஒருவர், எழுதியது இன்னொருவர். எழுதியவர் ஒரு வரியைக்கூடத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவில்லை. சாமியே எழுதிக் கொடுத்தாலும் கணக்கு நேராக இருந்தது.

நமக்கு நம்பர் போட்டுக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் சாமி அல்ல. மனு எழுதிக் கொடுக்க, மணியார்டர் பாரம் நிரப்ப இன்னொருவர் கையை நம்பி வளர்ந்த ஜனங்கள் நாம். பாரம் நிரப்பியவரால் நம் பெட்டியைத் திறக்க முடியாது. நம்பர் தெரிந்தவர் கையில் நம் போன் சிக்கினால், பெட்டி திறந்த மாதிரிதான்.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை

குச்சி வாங்கும்போது உங்கள் போனையே கொண்டுபோய், ஒட்டியிருக்கும் கண்ணாடி கார்டோடு சோதித்து வாங்குங்கள். கார்டு தடிமனாக இருந்தாலே டச் மந்தமாகிவிடும். நுனி ரப்பர் கிழிந்தால் மாற்றிவிடுங்கள். ஈரத் திரையில் குச்சியும் தடுமாறும். முதலில் துடையுங்கள்.

சில போன்களில் செட்டிங்ஸில் 'டச் சென்சிடிவிட்டி' என்று இருக்கும். அதைக் கூட்டி வைத்தால் காய்ந்த விரலுக்கும் கொஞ்சம் மசியும். இதற்குக் காசு செலவு கிடையாது.

ரேஷன் கடையில் ரேகை விழாதது வேறு விவகாரம். அங்கே மிஷின் பார்ப்பது விரலின் கோடுகளை. தேய்ந்த கோட்டுக்குக் குச்சி உதவாது. கருவிழி பார்க்கும் கருவி உள்ள கடைகளில் அதைக் கேளுங்கள்.

ரகசிய நம்பர் பணம் அனுப்பத்தான். பணம் வாங்குவதற்கு நம்பர் போடவே வேண்டாம். 'பணம் வருது, நம்பரைப் போடுங்க' என்று யார் சொன்னாலும் அது மோசடி. நம்பர் வெளியே போயிருந்தால் உடனே மாற்றுங்கள். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், போய்ச் சேர்ந்த கணக்கிலேயே பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

மறுபடியும் துறைமுகம்

இரண்டு நாள் கழித்து முதுநகர் போய் ஆயாவிடம் குச்சியைக் கொடுத்தேன். "இது இன்னா, ஊதுபத்தியா?" என்றார். பிடிக்கிற விதம் சொன்னேன். முதலில் பழைய நம்பரை மாற்றச் சொல்லி நான் திரும்பி நின்றுகொண்டேன். நேரம் ஆனது. இரண்டு தடவை தப்பாகி, மூன்றாவது தடவை விழுந்தது.

நுனியில் நூல் கட்டிச் சுருக்குப் பையோடு முடிந்துகொண்டார். ஐஸ் வண்டி வந்தது. ஆயா கண்ணாடியைத் துடைத்தார். குச்சியை எடுத்தார். பக்கத்தில் நின்ற அதே பையன் பழக்க தோஷத்தில் கை நீட்டினான்.

"நம்பர் என்னா ஆயா?"

"அது என் நம்பர். ஒனக்கு எதுக்கு?"

முந்தானையால் போனை மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு நம்பராகத் தொட்டார் ஆயா.