ராஜபாளையத்து வெயிலில் தண்ணீர் ஓடும் கணினி

சித்திரை, வைகாசியில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிற்பகல் வெயில் 37, 38 டிகிரியைத் தொடும். மாடியறையில் உட்கார்ந்து வீடியோ எடிட்டிங்கோ பெரிய கேமோ ஓட்டுகிறவர்களின் கணினியில் மின்விசிறிகள் இரைந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் "வாட்டர் கூலிங் போட்டால் என்ன?" என்ற கேள்வி எழுகிறது. போடலாம். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்த பிறகு போட வேண்டும்.

நம் ஊர்களில் தண்ணீரால் குளிர்விப்பது என்றால் வீட்டு ஏர் கூலரும் நூற்பாலையும்தான் நினைவுக்கு வரும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இது நூற்பாலை ஊர். ஆலைகளின் ஹியூமிடிபிகேஷன் பிளாண்டில் தண்ணீரைத் தூவி, அதன் ஊடே காற்றை இழுப்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். காற்று குளிரும், நூல் அறாமலிருக்கத் தேவையான ஈரப்பதமும் கிடைக்கும். கணினியின் தண்ணீர்ச் சுற்றில் இந்த ஆவியாதல் கிடையாது. அது முழுக்க மூடிய சுற்று. அறை 36 டிகிரியில் இருந்தால் உள்ளே ஓடும் தண்ணீர் ஒருபோதும் 36க்குக் கீழே இறங்காது. கணினி ஏசி போல ஜில்லென்று ஆகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம்.

பிறகு எதற்குத் தண்ணீர்? வெப்பத்தைத் தூக்கிச் செல்வதற்கு. ஒரே கொள்ளளவில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். இன்டெலின் ஐ9 14900கே சிப் உச்சத்தில் 253 வாட் இழுக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு 450 வாட். அத்தனை வெப்பமும் மிகச் சிறிய பரப்பிலிருந்து கிளம்புகிறது. அதை அங்கிருந்து அள்ளி, அகலமான ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், மெதுவாகச் சுற்றும் விசிறிகளால் காற்றில் விடுவதுதான் முழு வேலையும். லாரி எஞ்சினின் ரேடியேட்டரைப் பார்த்தவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. பெரிய கணினிகளுக்கும் இது பழைய சங்கதி. 1980இல் வந்த ஐபிஎம் 3081 தண்ணீரால்தான் குளிர்ந்தது. 1985இன் கிரே-2 கணினியின் சர்க்யூட்டுகளை, மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ளேயே மூழ்க வைத்தார்கள்.

சுற்றில் இருப்பவை சில பாகங்கள்தான்: சிப்பின் மேல் உட்காரும் செம்பு வாட்டர் பிளாக், பம்ப், சிறு தொட்டி, ரேடியேட்டர், இவற்றை இணைக்கும் குழாய்கள். குழாய் எந்த வரிசையில் போக வேண்டும் என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தேவையில்லை. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீரில் 450 வாட் வெப்பம் ஏறினால், சுற்றின் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் ஒன்றரை டிகிரி அளவுக்குத்தான் வேறுபாடு. ஒரே ஒரு வரிசையை மட்டும் மீறக் கூடாது. தொட்டி பம்புக்கு முன்னும் மேலும் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடினால் கெட்டுவிடும்.

காசை ரேடியேட்டரில் போடுங்கள். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் அளவு ரேடியேட்டருக்கு 100 முதல் 150 வாட் என்பது பொதுக் கணக்கு. நம் வெயிலுக்கு 100 வாட் என்றே வைத்துக்கொள்வது நல்லது. பிராசசரும் கார்டும் சேர்ந்து 450 வாட் என்றால் மூன்று விசிறி நீளமுள்ள 360 ரேடியேட்டர் இரண்டு வேண்டும். அறை 36இல் இருக்கும்போது தண்ணீர் 46ஐ ஒட்டி நின்றால் அது நல்ல சுற்று. பல பம்புகளுக்கு 60 டிகிரிதான் எல்லை. பளபளப்பான பெட்ஜி பிளாஸ்டிக் குழாயும் அந்தச் சூட்டை நெருங்கினால் இளகும். அதனால் ராஜபாளையத்தில் முதல்முறை போடுகிறவருக்கு என் சிபாரிசு கறுப்பு ரப்பர் குழாய்தான். அழகு குறைவு, ஆனால் வளைக்க எளிது, வெளிச்சம் புகாததால் உள்ளே பாசியும் சீக்கிரம் பிடிக்காது.

அடுத்தது தண்ணீர். ராஜபாளையத்துக்கு வரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் குடிக்க நல்லது, சுற்றுக்கு ஆகாது. போர்வெல் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு, வாட்டர் பிளாக்கின் மெல்லிய இடுக்குகளில் படிந்து அடைத்துவிடும். வீட்டு ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சமிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தை அளவோடு கலக்க வேண்டும். பால் போன்ற நிறத்தில் விற்கும் கூலண்ட் படத்தில் அழகாக இருக்கும். சில மாதங்களில் அதன் நிறப்பொடி படிந்து இடுக்குகளை மூடும். சுத்தமான தண்ணீர் மின்சாரம் கடத்தாது என்ற தைரியமும் வேண்டாம். உலோகத்தைத் தொட்டு ஓடிய பிறகு அது கடத்தத் தொடங்கிவிடும். பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு, பித்தளையாக இருக்கட்டும். நடுவே அலுமினியம் வந்தால் அது அரித்துக்கொண்டே போகும்.

மாட்டும்போது குழாய்களை இணைக்கும் பிட்டிங்கை ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். மரையின் அடியிலுள்ள ஓ-ரிங் உட்கார்ந்து அடைக்கக் கையிறுக்கமே போதும். பிறகு மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் போகாமல், பவர் சப்ளையில் ஜம்பர் போட்டுப் பம்பை மட்டும் ஓட விடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். கேபினெட்டை மெல்லச் சாய்த்தால் சிக்கிய காற்றுக் குமிழ்கள் வெளியேறும். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் நிறுத்திச் சரிசெய்த பிறகே அடுத்த வேலை.

அதன் பிறகு பராமரிப்பு. நூற்பாலைக்கும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறிகளுக்கும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசு தெரியும். ரேடியேட்டர் இடுக்கில் அது மெத்தைபோல் படிந்தால் எத்தனை பெரிய ரேடியேட்டரும் பயன்படாது. மாதம் ஒரு முறை ஊதிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீரை வடித்து மாற்ற வேண்டும்.

இதற்கான பாகங்களின் விலை மட்டுமே ஒரு நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டின் விலையை எளிதில் தொட்டுவிடும். கார்டைப் பிரித்து பிளாக் மாட்டினால் அதன் உத்தரவாதமும் போகலாம். பிராசசர் மட்டும்தான் சுடுகிறது என்றால், நல்ல காற்றுக் கூலரோ தொழிற்சாலையிலேயே தண்ணீர் அடைத்து முழுச் சுற்றாக வரும் ஏஐஓ கூலரோ போதும். அதற்கும் முன்னால் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்து, கேபினெட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்து ஒரு வாரம் பாருங்கள். அப்படியும் சூடும் சத்தமும் தீரவில்லையா? இரண்டு 360 ரேடியேட்டர் இடிக்காமல் உட்காரும் கேபினெட்டை முதலில் வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.