உப்பும் மல்லிகையும் விளையும் வேதாரணியம்

தஞ்சைத் தரணி தென்கிழக்கே கடலைத் தொடும் மூலையில் அமைந்துள்ளது வேதாரணியம். திருமறைக்காடு என்பது இதன் பழம்பெயர். இன்று இது நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடைமடையிலுள்ள இப்பகுதிக்குக் காவிரி நீர் போதிய அளவில் வந்து சேருவது அரிது. ஆயினும், மணலையும் கடலையுமே மூலதனமாகக் கொண்டு இம்மக்கள் வாழ்ந்து வருகின்றனர்.

உப்பளத் தொழில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அகத்தியன்பள்ளி உப்பளங்களில் வேலை தொடங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகளே உண்டு. ஆகையால் நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் சுண்டச் செய்வர். பின்னர்ச் சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுவர். உப்பு படிந்ததும் நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் வாரிக் குவித்து, எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவர். கோடையில் ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். நெல் பயிரிடுவோர் மழையை வேண்ட, உப்பளத்தார் வெயிலை வேண்டுகின்றனர். இவ்விருவரும் அண்டை வீட்டாராய் ஒற்றுமையுடன் வாழ்வதே இவ்வூரின் இயல்பு.

ஊர் மக்களின் உறுதி

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர் படை புறப்பட்டது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளித்தல் குற்றம் என அரசாங்கம் எச்சரித்தது. வழியிலிருந்த மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தனர். 30ஆம் நாள் அகத்தியன்பள்ளியில் உப்பு எடுக்கப்பட்டது. இதற்குத் துணைநின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை, 1946இல் பெண் கல்விக்காகக் கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தை நிறுவினார்.

நன்னீரே உயிர்

கருப்பம்புலம் முதலிய சிற்றூர்களின் மணற்பாங்கான நிலத்தில் மல்லிகை செழிக்கிறது. மாவும் தென்னையும் உண்டு. மழைநீர் மணலுள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறிவிடும். பின்னர்ப் பயிருமில்லை, குடிநீருமில்லை.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் இப்பகுதியைத் தாக்கியது. தென்னையும் மாவும் சாய்ந்தன. உப்பளங்களில் சேறு படிந்தது. மக்கள் பாத்திகளைச் சீர்செய்து, மீண்டும் கன்றுகளை நட்டனர்.

கடற்கரைப் பஞ்சாயத்தார் இதனின்று அறிய வேண்டுவது யாது? மழைக்கு முன் குளங்களைத் தூர் வாருதல், மணல் மேடுகளை அழியாது காத்தல், கிணற்று நீரை அளவறிந்து இறைத்தல் ஆகிய மூன்றுமே ஆகும். கடலருகே வாழும் ஊருக்கு நன்னீரே முதற்பெரும் செல்வம்.