காய்ச்சலை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

போடியிலிருந்து ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர், காய்ச்சல் வந்தால் ஒருநாள் மலைமேல் கேரளப் பக்கம் காட்டுவார், மறுநாள் போடி அரசு ஆஸ்பத்திரியில் காட்டுவார். இரண்டு இடத்திலும் சீட்டு ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகிறது. அதனால் சில சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானது எது?

‘ஆன்செட்’ (நோய் தொடங்கிய நேரம்). படிவத்தில் ‘டேட் ஆஃப் ஆன்செட்’ என்று கேட்டால், ஆஸ்பத்திரிக்கு வந்த தேதியை எழுதாதீர்கள். திங்கள் சாயங்காலம் காய் பறிக்கும்போதே குளிரடித்து, வியாழக்கிழமைதான் கீழே இறங்கினீர்கள் என்றால் திங்கள்தான் சரி.

மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

டெங்குவில் நிறைய ஆகும். முதல் ஐந்து நாளுக்குள் என்எஸ்1 பரிசோதனையில் கிருமியின் புரதம் தெரியும். அதன் பிறகு ஐஜிஎம் (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்) பார்க்க வேண்டும். தேதி தவறினால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம்.

இன்னொன்று. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் வருகிறது. உடம்பு சூடு விட்டதென்று மறுபடி ஜீப் ஏறிவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தெருவில் நாலைந்து வீட்டில் காய்ச்சல். ‘எபிடெமிக்’ என்று மனு எழுதலாமா?

வேண்டாம். ஓரிடத்தில் வழக்கத்தைவிட அதிகம் பேருக்கு வந்தால் ‘அவுட்பிரேக்’. அதே பெருக்கம் பரந்த பகுதிக்குப் போனால் ‘எபிடெமிக்’. நாடுகள் தாண்டி உலகெங்கும் பரவினால் ‘பாண்டமிக்’. கொரோனாவை உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொன்னது 2020 மார்ச் 11 அன்று. ஓர் ஊரில் எப்போதும் இருந்துகொண்டே இருப்பது ‘எண்டமிக்’. உங்கள் மனுவில் ‘சஸ்பெக்டட் அவுட்பிரேக்’ (சந்தேகப்படும் பரவல்) என்று எழுதி, தெரு, எத்தனை பேர், முதல் ஆளுக்குத் தொடங்கிய தேதி மூன்றையும் சேருங்கள். சொல்லைவிட இந்த மூன்றும்தான் சுகாதார ஆய்வாளருக்கு உதவும்.

டெங்கு ‘கன்டேஜியஸ்’ஸா?

இல்லை. கிருமியால் வருவதெல்லாம் ‘இன்ஃபெக்‌ஷியஸ்’; அதில் ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டுவது மட்டுமே ‘கன்டேஜியஸ்’. ஏலத்தில் கட்டே நோயை அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி கொண்டுபோவதைப் போல, டெங்குவைக் கொசு கொண்டுபோகிறது. ஆகவே லயத்தில் காய்ச்சலில் படுத்திருப்பவரை ஒதுக்காதீர்கள். பகலிலும் அவருக்குக் கொசுவலை கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடிவையுங்கள்.

ஆங்கிலம் வராவிட்டால் கூச்சம் வேண்டாம், தமிழிலேயே சொல்லுங்கள். உடம்பு சுட்ட முதல் நாளை மட்டும் அன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் சந்தேகம் கேட்க 104 எண்ணுக்கு அழைக்கலாம்.