எம்மா காத்த ஆலை

மதுவிலக்கு வந்தால் பீர் ஆலையின் கதி என்ன? பூட்டுப் போட வேண்டியதுதான் என்பீர்கள். ஆனால், அமெரிக்காவின் ஸான் அன்டோனியோ நகரில் ஒரு பெண்மணி பூட்டுப் போட மறுத்தார்!

1914-ல் கணவர் ஆட்டோ கோலர் சுட்டுக் கொல்லப்பட்டதும், 'பேர்ல்' ஆலையின் பொறுப்பை ஏற்றார் எம்மா கோலர். சில ஆண்டுகளிலேயே மதுவிலக்கும் வந்து சேர்ந்தது. எம்மா அசரவில்லை. ஐஸ்கிரீம், சலவை, மோட்டார் ரிப்பேர் என்று கிடைத்த தொழிலையெல்லாம் செய்து, தொழிலாளர் வீடுகளில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார். 1933-ல் தடை நீங்கிய நள்ளிரவிலேயே பீர் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் புறப்பட்டன!

ஆலை 2001-ல் மூடப்பட்டது. 1894-ல் எழும்பிய கோபுரக் கட்டடம் இடிபடாமல் நின்றது. 2015-ல் அது ஓட்டலாயிற்று. என்ன பெயர் தெரியுமா? 'ஹோட்டல் எம்மா'! பொருத்தந்தானே?