‘கீப்’ என்றால் வைப்பதா, வைத்துக்கொள்வதா? மருந்து அட்டை முதல் வங்கி மெசேஜ் வரை... தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்!

“சாவியை டேபிள் மேல வை”, “போனை வை”, “மீதியை நீயே வெச்சுக்கோ”, “பணத்தைச் சேர்த்து வை”... தமிழில் ‘வை’ என்ற ஒரே சொல் எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. நாமோ எல்லாவற்றுக்கும் ‘கீப்’ என்று சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். பேச்சில் அது பெரிய குற்றமில்லை. ஆனால், மருந்து அட்டையிலும் வங்கி மெசேஜிலும் இந்தச் சொற்களைத் தவறாகப் புரிந்துகொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

புட் - கீப்: எளிய வழி

ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்கும் செயல் ‘புட்’. அது தொடர்ந்து அங்கேயோ, ஒருவரிடமோ இருப்பது ‘கீப்’. தமிழில் ‘வை’ என்று மட்டும் சொல்ல முடிந்தால் ‘புட்’. ‘வைத்திரு’, ‘வைத்துக்கொள்’ என்று வந்தால் ‘கீப்’. ‘கீப் த சேஞ்ச்’ என்றால் மீதிச் சில்லறை உங்களுக்கே என்று அர்த்தம். வெளிநாட்டு நண்பரிடம் பேனாவை நீட்டி ‘கீப் இட்’ என்றால், அவர் நன்றி சொல்லிப் பாக்கெட்டில் செருகிக்கொள்வார்! போனை வைப்பதற்கு ‘ஹேங் அப்’.

சேவ் - ஸ்டோர்

செலவழிக்காமல் பிற்பாடு உதவும் என்று மிச்சம் பிடிப்பது ‘சேவ்’. அதனால்தான் அது ‘சேவிங்ஸ் அக்கவுன்ட்’. பொருளை ஓரிடத்தில் இருப்பு வைப்பது ‘ஸ்டோர்’. மளிகைச் சாமானை டப்பாவில் போட்டுவைப்பது இந்த வகை.

மருந்து அட்டையில் கவனம்

‘கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’ என்றால், குழந்தைகளின் கைக்கு எப்போதும் எட்டாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். ‘ஸ்டோர் இன் எ கூல், டிரை பிளேஸ்’ என்பதைப் பார்த்ததும் சிலர் மாத்திரையை ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். வெயிலும் ஈரமும் படாத இடம் என்பதே அதன் பொருள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய மருந்தில் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். பிரிக்காத இன்சுலின் இந்த வகைதான். கூடவே ‘டூ நாட் ஃப்ரீஸ்’ என்றும் இருக்கும். அதாவது, ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலினை, உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது.

ஹோல்ட் - வித்ஹெல்ட்

கணக்கில் ஒரு தொகை ‘ஆன் ஹோல்ட்’ என்று மெசேஜ் வந்தால் பணம் போய்விட்டது என்று பதற வேண்டாம். பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. இப்போதைக்கு எடுக்க முடியாது, அவ்வளவுதான். காரணத்தை வங்கியில் கேளுங்கள். தேர்வு முடிவில் ‘வித்ஹெல்ட்’ என்று வந்தால், முடிவை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஃபெயில் என்று நினைத்துப் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள்!

மெயின்டெயின்

ஒரே அளவில் தொடர்ந்து பராமரிப்பது. மாதச் சராசரி இருப்பு கேட்கும் கணக்கில், கடைசி நாளில் மட்டும் பணம் போட்டால் போதாது. ஒவ்வொரு நாளின் இருப்பையும் கூட்டி, நாள்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் 15 நாள் 10,000 ரூபாயும் மீதி நாள் பூஜ்ஜியமும் இருந்தால், சராசரி 5,000 ரூபாய்.

கடைசியாக, குட்டீஸுக்கு ஒரு புதிர்: இரட்டை எழுத்து ஜோடிகள் அடுத்தடுத்து மூன்று வரும் ஆங்கிலச் சொல் எது? ‘புக்கீப்பர்’, அதாவது கணக்கு எழுதி வைப்பவர். ஸ்பெல்லிங்கை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே வீட்டிலிருக்கும் மருந்து அட்டைகளையும் ஒருமுறை சேர்ந்து படித்துவிடுங்கள்!