வீட்டை இடிக்கிறீங்களா? உத்தரத்தை விறகுக்குப் போட்டுடாதீங்க!

உள்ளே ஒரு நாதசுரம் இருக்கலாம்

தொட்டியம்—

திருச்சி–நாமக்கல் ரோட்டில், முசிறியைத் தாண்டினால் தொட்டியம். மதுரை காளியம்மன் தேரைத் தோளில் தூக்கிச் சுமக்கும் ஊர். கனம் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் "தொபுக்"கென்று மூழ்கும் மரத்தைப் பார்த்திருக்கிறீர்களா?

அதுதான் ஆச்சா மரம்!

இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவை, மிகக் கடினமானவை என்று எண்ணப்படும் ஒரு சிலவற்றில் இது ஒன்று. ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ. நன்றாக விளைந்த ஆச்சாவின் வைரம் அதையும் மிஞ்சும். வறண்ட காட்டில் மெதுவாக வளரும். ஆத்தி போல இரட்டை இலை. இலை மாட்டுக்குத் தீவனம். பட்டையை உரித்தால் கயிறு திரிக்கலாம். மரத்தில் கை வைத்தால்தான் சங்கதி தெரியும். கோடாலி மழுங்கும். ஆணி வளையும்.

இந்த முரட்டு மரத்தில்தான் கல்யாணி ராகமும் தோடி ராகமும் பிறக்கின்றன. ஆம், நாதசுரம் செய்வது ஆச்சா மரத்தில்தான்!

பச்சை மரமா? கிட்டே வராதே!

கும்பகோணம் பக்கம், ஆடுதுறைக்கு அருகில் நரசிங்கம்பேட்டை. நாதசுரத்துக்குப் பேர்போன ஊர். 2022-ல் இந்த ஊர் நாதசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

புதிதாக வெட்டின மரத்தை இங்குள்ள ஆசாரிமார்கள் தொடமாட்டார்கள். ஏன்? பச்சை மரத்தில் ஈரம் இருக்கும். காயக் காய மரம் சுருங்கும், வெடிக்கும். குழலின் துவாரம் மயிரிழை மாறினாலும் சுருதி போச்சு!

அதனால் அவர்கள் தேடிப்போவது காட்டை அல்ல, இடிக்கிற வீட்டை! எழுபது, எண்பது, நூறு வருஷம் கூரையைத் தாங்கி, வெயிலில் காய்ந்து, ஈரமெல்லாம் வற்றிப்போன உத்தரமும் தூணும்தான் அவர்களுக்குப் பொக்கிஷம்.

வேலை எப்படி?

முதலில் துண்டு போட்டு, செதுக்கி உருட்டுகிறார்கள். பிறகு கடைசல். ஒருவர் கடைசலைச் சுழற்ற, இன்னொருவர் உளி பிடிக்கிறார். அடுத்தது துளை. இதுதான் உயிர்நாடி. மேலே குறுகல், போகப்போக அகலம். சின்ன துறப்பணத்தில் தொடங்கி, படிப்படியாகப் பெரியதுக்குப் போக வேண்டும். அவசரப்பட்டால் மரம் பிளக்கும். நூறு வருஷம் காத்திருந்த மரம் ஒரு நொடியில் அடுப்புக்கு!

விரல் வைக்க 7 துளை. சுருதியைச் சரிசெய்ய இன்னும் 5 துளை. அடியில் விரியும் அணசு வாகை மரத்தில். ஊதுகிற சீவாளி, ஆற்றங்கரைக் கொறுக்கைத் தட்டையில்.

முன்பெல்லாம் குட்டையான திமிரி நாதசுரம்தான். சத்தம் உச்சத்தில் நிற்கும். நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதசுரத்துக்கு மாறினார் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. அவருக்கு அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. பிள்ளை 1956-ல் மறைந்தார். கச்சேரி மேடையில் இன்றும் பாரிதான்.

எங்கே போச்சு மரம்?

ஓட்டு வீடுகள் குறைந்துவிட்டன. காட்டு மரத்தை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, வனத்துறை சம்மதிக்காது. வெட்டினாலும் அது நம் பேரன் காலத்துக்குத்தான் பக்குவப்படும். இன்று கட்டும் காங்கிரீட் வீட்டை நூறு வருஷம் கழித்து இடித்தால், ஜல்லியும் கம்பியும்தான் மிஞ்சும். ஊதுவதற்கு ஒன்றும் இருக்காது!

இருக்கிற பழைய உத்தரத்தையும் நாம் என்ன செய்கிறோம்? "பழைய கட்டைதானே" என்று எடைக்குப் போட்டுவிடுகிறோம். அது நேரே அடுப்புக்கோ செங்கல் சூளைக்கோ போய்விடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தொட்டியம், முசிறி, ஸ்ரீரங்கம் பக்கம் தாத்தா வீட்டை இடிக்கப் போகிறவர்கள் கவனிக்கவும்:

* வைரம் கருஞ்சிவப்பாக, லேசாகக் கத்தரிப்பூ நிறம் கலந்து இருக்கிறதா?

* ஒரு சில்லு எடுத்து வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்குகிறதா? இதை மட்டும் நம்பிவிட வேண்டாம், கருங்காலியும் மூழ்கும். அனுபவப்பட்ட ஆசாரியிடம் காட்டுங்கள்.

* வெடிப்போ ஆணி ஓட்டையோ இல்லாத மூணு அடித் துண்டு கிடைத்தாலே போதும், ஒரு குழலுக்கு ஆச்சு. ஆகவே கண்ட இடத்தில் அறுக்காதீர்கள். கடப்பாரையால் நெம்பி உடைக்காதீர்கள்.

ஆச்சா என்று உறுதியானால் நரசிங்கம்பேட்டைக்குத் தகவல் சொல்லுங்கள். விறகுக்கடைக்காரருக்கு அது ஒரு வேளை நெருப்பு. ஆசாரி கைக்குப் போனால், உங்கள் பேத்தி கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு சேர்ந்து ஒலிக்கும்!