ஒரே வண்டி, இரண்டு சாரதிகள்

நம் திருவள்ளூர் ஜில்லாவில் சோழவரம் என்றதும் எல்லோருக்கும் ஏரி ஞாபகம் வரும். மோட்டார்ப் பந்தய ரஸிகர்களுக்கு மட்டும் யுத்த காலத்து விமானத் தளம் ஞாபகம் வரும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை ஏற்படும் வரையில், சென்னைவாசிகள் பந்தயம் பார்த்த இடம் அதுதான். பந்தயம் முடிந்தாலும் சாரதிகளைப் பற்றிய வாக்குவாதம் முடிவதில்லை. அதிலும் ஒரே கோஷ்டியின் இரு சாரதிகளைப் பற்றிய வாதம் இருக்கிறதே, அதற்கு ஈடு இணையே கிடையாது!

ஆர்.கே.பேட்டையில் இரண்டு நெசவாளரிடம் ஒரே நூலையும் ஒரே மாதிரித் தறியையும் கொடுத்தால், துணியைப் பார்த்தே கைவன்மையைச் சொல்லிவிடலாம். அதுபோல ஒரே மாதிரி வண்டி பெற்ற இருவரில் யார் கெட்டிக்காரர் என்பதைக் கடிகாரமே சொல்லிவிட வேண்டும் அல்லவா? ஆனால் ரஸிகர்கள் பார்ப்பது கடிகாரத்தையா? சாரதியின் சுபாவத்தையல்லவா பார்க்கிறார்கள்!

1988-ம் வருஷத்து விஷயத்தைப் பாருங்கள். மக்லாரன் கோஷ்டி 16 பந்தயங்களில் 15-ஐ ஜயித்தது. பிரேஸில் தேசத்து அயர்ட்டன் செனாவுக்கு 8. பிரெஞ்சுக்காரர் அலன் பிராஸ்டுக்கு 7. மொத்தப் புள்ளிகளில் பிராஸ்ட் 105, செனா 94. ஆனால் சிறந்த 11 முடிவுகளையே கணக்கிட வேண்டுமென்ற விதிப்படி, 90-க்கு 87 என்று செனாவே உலக சாம்பியன் ஆனார். பிராஸ்ட் நிதானஸ்தர், 'புரொபஸர்' என்று பெயர் பெற்றவர். செனாவோ ஆவேசமே உருவானவர். நிதானத்தை விரும்பியோர் 105-ஐயும், ஆவேசத்தை விரும்பியோர் 90-ஐயும் பிடித்துக்கொண்டார்கள். 1994-ல் இமோலா பந்தயத்தில் செனா உயிர் நீத்தபோது, அவர் பெட்டியைச் சுமந்தவர்களில் பிராஸ்டும் ஒருவர். ரஸிகர்களின் சண்டை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை!

நாம் மட்டும் என்ன விதிவிலக்கா? 2005-ல் கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன், பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஜோர்டான் கோஷ்டியில் அவருடைய சகா, போர்த்துகல் தேசத்து டியாகோ மான்டிரோ. அவ்வருஷம் ஜூன் 19-ந் தேதி, இண்டியனாபொலிஸில் டயர்க் கோளாறினால் 14 வண்டிகள் விலகிக்கொள்ள, 6 வண்டிகளே ஓடின. மான்டிரோ மூன்றாவது, நம்மவர் நான்காவது. ஜனங்கள் கோபத்திலிருக்க, மான்டிரோ மேடையேறி ஆனந்தக் கூத்தாடினார். அதைக் கண்டு முகம் சுளித்தாலும் சரி, சிரித்தாலும் சரி, அவர் நம்மவருக்கு முன்னால் வந்தது வந்ததுதான்.

2011-ல் டில்லிக்கு அருகே நடந்த இந்தியப் பந்தயத்தில், நாராயண் தம் சகா டேனியல் ரிக்கார்டோவை முந்தி 17-வதாக வந்தார். அன்று கடிகாரத்தை நம்பிக் கை தட்டிய நாம், இண்டியனாபொலிஸ் கடிகாரத்தையும் நம்பத்தான் வேண்டும். நம்மவரிடம் அபிமானம் கொள்வது நியாயமே. ஆனால் அவருடைய சகாவுக்கு உரிய பெருமையையும் கொடுத்தால்தான், நம்மவருக்கு நாம் கொடுக்கும் பெருமைக்கு மதிப்பு உண்டு.